குளிர்காலமும் தேகப்பயிற்சியும்

உத்தியோகத்தின் பொருட்டோ வாணிபத்தின் பொருட்டோ தென்னாட்டை விட்டு வடக்கே வந்து குடியேறிய தமிழர்களுக்கு இங்குள்ள மொழி நாளடைவில் பழகிவிடுகிறது; உணவும் ஒருவாறு பழகிவிடுகிறது. எளிதிற் பழகாதது ஒன்றுண்டு, அதுதான் குளிர். சென்னையில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையிலும் வெப்பநிலை சராசரியாகச் சுமார் 21 டிகிரி சென்டிகிரேடு அளவில் நிற்கிறது. தில்லியில் அதே நாட்களில் 7, 8 டிகிரி வரை இறங்குவது வழக்கம். சில நாட்களில் 4 டிகிரிக்கும் கீழே சென்றுவிடும். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்னும் பழமொழி தமிழ்நாட்டுப் பனியைக் கண்டு பிறந்தது. அதைச் சொன்னவர்கள் தில்லியின் தை மாதத்தைக் கண்டிருந்தால், துளைப்பதற்கு இன்னும் எவற்றையெல்லாம் சேர்த்திருப்பார்களோ!

இக்குளிருக்கு நம்மவர் இல்லங்களிற் செய்யப்படும் ஏற்பாடு பெரும்பாலும் ஒன்றே. சன்னல்கள் அடைபடுகின்றன. ரஜாய் என்னும் பஞ்சு மெத்தைப் போர்வை பெட்டியிலிருந்து வெளிவருகிறது. காலையில் உலாவப் போகிறவர் அதை நிறுத்திவிடுகிறார். பிள்ளையுடன் வந்து தங்கியிருக்கும் வயதான பெற்றோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஊரில் இருந்தவரை நாள்தோறும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்து சென்றவர்கள், இங்கே மூன்று மாத காலம் ஓர் அறையை விட்டு வெளிவராமல் இருந்துவிடுகிறார்கள். 'குளிர் பட்டால் நோய் வரும். ஆகவே அசையாமல் போர்த்திக்கொண்டு இருப்பதே பாதுகாப்பு' என்பது அவர்களுடைய எண்ணம். அவர்கள்பால் அன்பு கொண்ட பிள்ளைகளின் எண்ணமும் அதுவே.

இந்த எண்ணம் எவ்வளவு தூரம் உண்மை? குளிரானது நமது உடலின் நோய் எதிர்ப்பாற்றலை என்ன செய்கிறது? முறையாகத் தேகப்பயிற்சி செய்பவனுடைய உடல் அதே குளிரை வேறு விதமாக எதிர்கொள்கிறதா? இவ்வினாக்களுக்கு விஞ்ஞானிகள் ஆராய்ந்து கண்ட விடைகளை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் ஜலதோஷத்தை எடுத்துக்கொள்வோம். அது வைரஸ் என்னும் நுண்ணிய கிருமிகளால் வருவது. அவற்றுள் ரைனோவைரஸ் என்ற இனமே பெரும்பாலான ஜலதோஷங்களுக்குக் காரணம். கிருமி இல்லாத இடத்தில் எவ்வளவு குளிர் இருந்தாலும் ஜலதோஷம் இல்லை. இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்னும் ஊருக்கு அருகில் 1946-ஆம் ஆண்டு ஜலதோஷ ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் தொடங்கப்பட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடைபெற்றது. தாமே முன்வந்தவர்கள் அங்கே தங்கிச் சோதனைகளுக்கு உட்பட்டார்கள். சர் கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ் என்ற அறிஞரின் குழுவினர் அவர்களுட் சிலரை வெந்நீரில் குளிக்கச் செய்து, ஈர உடையுடன் காற்று வீசும் நடையில் நிற்க வைத்தார்கள். ஈரக் காலுறைகளுடன் அக்காலைப்பொழுது முழுதும் இருக்கச் செய்தார்கள். அவ்வாறு நடுங்கியவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக ஜலதோஷம் வரவில்லை. ஆகவே, குளிருக்கும் ஜலதோஷத்துக்கும் தொடர்பில்லை என்றே மருத்துவர் பலரும் நெடுங்காலம் கருதி வந்தனர்.

ஆயினும், பாட்டிமார் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவர்கள் பக்கமும் சிறிது நியாயம் இருந்தது என்பது பின்னர்த் தெரியவந்தது. 2005-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 180 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். 90 பேர் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பாதங்களை வைத்திருந்தார்கள். மற்ற 90 பேர் காலணியும் காலுறையும் அணிந்தபடி நீரில்லாத பாத்திரத்தில் கால்களை வைத்திருந்தார்கள். அடுத்த நான்கைந்து நாட்களில் முதல் வகையினருள் 13 பேரும், இரண்டாம் வகையினருள் 5 பேரும் ஜலதோஷக் குறிகள் தோன்றியதாகத் தெரிவித்தார்கள். ஏற்கெனவே மூக்கில் குடியிருந்து வெளிப்படாமல் இருந்த கிருமிக்குக் குளிர் இடம் கொடுத்திருக்கலாம் என்பது அந்த ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

அது எவ்வாறு நிகழக்கூடும் என்பதற்கும் விளக்கம் கிடைத்துள்ளது. உடலின் உள்வெப்பம் 37 டிகிரி. ஆனால், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் மூக்கின் உட்புறம் சுமார் 33 டிகிரிதான். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் 2015-இல் எலிகளின் சுவாசப்பாதை அணுக்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, 37 டிகிரியில் கிருமியை அடக்கிவிடும் தற்காப்பு, 33 டிகிரியில் தளர்ந்துவிடுவதைக் கண்டார்கள். 2022-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே சென்றது. 4 டிகிரியைச் சற்றே கடந்த குளிர்காற்றில் மனிதர்களைக் கால்மணி நேரம் இருக்கச் செய்தபோது, மூக்கின் உள்வெப்பம் ஏறத்தாழ 5 டிகிரி குறைந்தது. கிருமிகளைச் சூழ்ந்து பிடிப்பதற்காக மூக்கின் அணுக்கள் நுண்ணிய குமிழிகளை வெளியிடுகின்றன. அக்குளிரில் அவை நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டன. ஆகவே, கிருமியை உண்டாக்கும் வல்லமை குளிருக்கு இல்லை. வாயிற்காவலனைச் சிறிது நேரம் தூங்க வைக்கும் வல்லமை உண்டு எனலாம்.

இது மூக்கில் நிகழ்வது. உடல் முழுவதையும் நோக்கினால், வேறொரு காட்சியைக் காண்கிறோம். குளிர் தோலில் பட்டவுடன் நரம்புகள் அச்செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. உடனே தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, வெப்பம் வெளியே போகாதபடி தடுக்கின்றன. நாரட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் மிகுகிறது. அதுவும் போதாவிட்டால் தசைகள் தாமாகவே நடுங்கத் தொடங்குகின்றன. நடுக்கம் என்பது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. தசைகள் வேலை செய்து வெப்பத்தை உண்டாக்கும் முறை. கடுமையாக நடுங்கும்போது, சும்மா இருக்கும் நிலையைப் போல நான்கைந்து மடங்கு வெப்பம் உடலில் பிறக்கிறது.

இவ்வேளையில் நோய் எதிர்ப்புப் படையின் நிலை என்ன? நமது இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் உள்ளன. இவை ஓடும் இரத்தத்தில் உள்ளவை மட்டுமே. இவற்றைத் தவிர, இரத்தக் குழாய்களின் சுவர்களில் ஒட்டிக்கொண்டும், நுரையீரலிலும் மண்ணீரலிலும் தங்கியும் பெருந்தொகையான வெள்ளணுக்கள் இளைப்பாறிக்கொண்டிருக்கின்றன. கானடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், நல்ல உடல்நலமுள்ள ஏழு ஆடவர்களை 5 டிகிரிக் குளிரில் இரண்டு மணி நேரம் இருக்கச் செய்தனர். எதிர்பார்த்ததற்கு மாறாக, அவர்களுடைய இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகுந்தன. 'இயற்கைக் கொல்லணுக்கள்' என்று பெயர் பெற்றவை, கிருமி புகுந்த அணுக்களைத் தேடி அழிப்பவை. அவையும் தொகையிலும் செயலிலும் மிகுந்தன. அது மட்டுமன்று. குளிருக்குள் புகுவதற்கு முன் அம்மனிதர்கள் பயிற்சியினால் உடலைச் சூடாக்கிக்கொண்டு வந்தபோது, வெள்ளணுக்களின் பெருக்கம் இன்னும் கூடுதலாக இருந்தது.

இதிலிருந்து, அளவான குளிர் தன்னளவில் உடலின் படையைக் கலைத்துவிடுவதில்லை என்பது விளங்குகிறது. உண்மையான அபாயம், குளிர் தோலைக் கடந்து உள்ளே புகுந்து, உடலின் உள்வெப்பத்தையே குறைத்துவிடும்போதுதான் தொடங்குகிறது. இதற்கு அறுவைச் சிகிச்சை அறையிலிருந்து ஒரு சான்று உண்டு. மயக்க மருந்தினால் நோயாளியின் உடல் குளிர்ந்துபோவது இயல்பு. 1996-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பெருங்குடலில் அறுவைச் சிகிச்சை பெற்ற 200 பேரைக் கவனித்தனர். உள்வெப்பம் 34.7 டிகிரி வரை குறைய நேர்ந்தவர்களுள் நூற்றுக்கு 19 பேருக்குப் புண்ணில் கிருமி தொற்றியது. வெப்பத்தைக் காத்து வைத்தவர்களுள் நூற்றுக்கு 6 பேருக்கே தொற்றியது. இரண்டு டிகிரி வேறுபாடு! அதன் விளைவோ மும்மடங்கு.

ஆகவே, 'குளிர் படலாமா, கூடாதா?' என்பதைவிட, 'குளிர் உள்ளே புகாமல் உடல் காத்துக்கொள்ள வல்லதா?' என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. தேகப்பயிற்சியின் பயன் இங்கேதான் தொடங்குகிறது.

உடலின் அடுப்பு தசையாகும். நாம் உண்ட உணவின் ஆற்றலைத் தசை செலவிடும்போது, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது, மீதி வெப்பமாகிறது. கோடையில் இது நமக்குத் தொல்லை. குளிர்காலத்தில் இதுவே செல்வம். நாள்தோறும் நடப்பவனுக்கும் உழைப்பவனுக்கும் இந்த அடுப்பு பெரிதாகவும் செம்மையாகவும் இருக்கிறது. மூன்று மாதம் படுக்கையிலும் நாற்காலியிலும் கழிப்பவனுக்குத் தசை மெலிகிறது, அடுப்பு சிறுத்துப்போகிறது. முதியவர்களிடம் இம்மெலிவு விரைவில் உண்டாகிறது. இழந்ததை மீட்பது அரிதாகிறது. குளிருக்குப் பயந்து அசையாதிருப்பவர், அடுத்த ஆண்டுக் குளிருக்கு இன்னும் அதிகமாகப் பயப்படவேண்டியவர் ஆகிறார்.

பயிற்சியின் இரண்டாவது பயன், முன்னர்க் கூறிய வெள்ளணுக்களைப் பற்றியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் மராத்தான் ஓட்டம் ஓடி முடித்தவர்களின் இரத்தத்தைச் சோதித்து, வெள்ளணுக்கள் பெருகியிருப்பதை 1902-ஆம் ஆண்டிலேயே ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார். நாம் விரைந்து நடக்கும்போது இரத்த ஓட்டம் வேகம் கொள்கிறது; அட்ரினலின் சுரக்கிறது; ஒட்டிக்கொண்டு இளைப்பாறும் வெள்ளணுக்கள் எழுந்து சுற்றி வருகின்றன. பயிற்சி முடிந்து ஓரிரண்டு மணி நேரத்தில் அவை இரத்தத்திலிருந்து குறைந்துவிடுகின்றன. இதைக் கண்டு, பயிற்சி எதிர்ப்பாற்றலைக் குறைத்துவிடுகிறது என்று முன்பு சிலர் அஞ்சியதுண்டு. அவ்வணுக்கள் அழிந்துபோவதில்லை, நுரையீரல், குடல் முதலிய, கிருமிகள் நுழையும் வாயில்களுக்குக் காவல் புரியச் செல்கின்றன என்பதே இன்று வலுப்பெற்று வரும் கருத்து. ஊர்க்காவலன் இரவில் ஒரு முறை தெருவைச் சுற்றி வருவதற்கும், திண்ணையில் உறங்கிப்போவதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் நடப்பவன் உடலில் நாள்தோறும் ஒரு முறையேனும் சுற்றுக்காவல் நடைபெறுகிறது.

மூன்றாவது பயன் பழக்கத்தைப் பற்றியது. குளிர், பசி, தூக்கமின்மை, கவலை ஆகிய எல்லா நெருக்கடிகளுக்கும் உடல் ஏறக்குறைய ஒரே சுரப்புகளைக் கொண்டு விடையளிக்கிறது. அவற்றுள் கார்ட்டிசால் என்பது நீண்ட நாள் மிகுந்து நின்றால் எதிர்ப்பாற்றலைத் தளர்த்தக்கூடியது. பயிற்சி என்பது நாமே வேண்டி ஏற்கும் சிறு நெருக்கடி. அதை அளவோடு நாள்தோறும் ஏற்பவனுடைய உடல், ஒரே அளவான உழைப்புக்கு முன்போல் பதற்றம் கொள்வதில்லை. குளிர்காற்றிலும் சிறிது சிறிதாகப் பழகியவனுக்குச் சில வாரங்களில் நடுக்கமும் துன்பமும் குறைந்துவிடுகின்றன.

இவையெல்லாம் சோதனைச்சாலைச் செய்திகள். நடைமுறையில் நோய் குறைகிறதா? அமெரிக்காவில் 36 பெண்களைக் கொண்டு செய்து 1990-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சியில், பாதிப் பேர் பதினைந்து வார காலம், வாரம் ஐந்து நாட்கள், நாளைக்கு முக்கால் மணி நேரம் விரைந்து நடந்தார்கள், மற்றவர்கள் நடக்கவில்லை. நடந்தவர்களுக்கு ஜலதோஷக் குறிகள் இருந்த நாட்கள் சராசரியாக 5. நடக்காதவர்களுக்கு ஏறத்தாழ 11. பின்னர், 2011-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், 18 வயது முதல் 85 வயது வரையுள்ள 1,002 பேரை, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலுமாகப் பன்னிரண்டு வாரம் கவனித்தனர். வாரத்தில் ஐந்து நாட்களுக்குக் குறையாமல் பயிற்சி செய்தவர்கள் சளியால் துன்புற்ற நாட்கள், பயிற்சி பெரும்பாலும் இல்லாதவர்களைவிட நூற்றுக்கு 43 பங்கு குறைவாக இருந்தன.

இவற்றைக் கேட்டு, நடப்பவனுக்கு ஜலதோஷமே வராது என்று எண்ணிவிடலாகாது. இதுவரை நடந்த பல சோதனைகளையும் ஒன்று சேர்த்து 2020-இல் சீர்தூக்கிப் பார்த்தவர்கள், பயிற்சியினால் நோய் வரும் தடவைகள் குறைவதாகத் தெளிவாகக் கூற முடியவில்லை என்றும், வந்த நோயின் கடுமை குறைகிறது என்றும் முடிவு கூறினர். நோய் வாயிலில் வந்து நிற்பதை எப்போதும் தடுக்க முடியாது. வந்தது விரைவில் விடைபெற்றுப் போகும்படி செய்யலாம். முதியவர்களுக்கு இது சிறிய நன்மையன்று. அவர்களுக்கு மற்றொரு நற்செய்தியும் உண்டு. பத்து மாத காலம் முறையாகப் பயிற்சி செய்த முதியவர்களுக்கு, இன்ஃபுளுயன்ஸா தடுப்பூசியின் காப்பு மற்றவர்களைவிட நீண்ட நாள் நின்றது என்று 2009-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது பயிற்சிக்கும் பொருந்தும். 1987-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மராத்தான் ஓடியவர்களை விசாரித்தபோது, ஓட்டத்துக்கு அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுள் நூற்றுக்கு 13 பேர் நோயுற்றதாகக் கூறினார்கள். ஓடுவதற்குத் தயாராயிருந்தும் ஓடாதவர்களுள் நோயுற்றதாகக் கூறியவர்கள் நூற்றுக்கு 2 பேரே. அவர்கள் கூறிய நோய் அனைத்தும் கிருமியால் வந்ததுதானா என்று பின்வந்தவர்கள் ஐயுற்றாலும், எச்சரிக்கை எச்சரிக்கையே. 61 நாட்கள் கடும் பயிற்சியும் அரைப் பட்டினியும் தூக்கமின்மையும் அனுபவித்த அமெரிக்கப் போர்வீரர்களைக் குளிரில் வைத்துச் சோதித்து 1998-இல் எழுதியவர்கள், அவர்களால் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாமற்போனதைக் கண்டார்கள். களைத்த உடலும் ஒட்டிய வயிறும் உறங்காத கண்ணும் சேர்ந்தால், வீரனையும் குளிர் வென்றுவிடும். ஆகவே, குளிர்காலத்தில் பட்டினி கிடந்து பயிற்சி செய்வதும், ஒரு மாதச் சோம்பலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஈடுசெய்ய முயல்வதும் தகா.

இனி, எவ்வளவு செய்வது, எப்படிச் செய்வது என்பதைக் கூறுகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிகளின்படி, வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு உழைத்தல் நன்று. வாரம் ஐந்து நாட்கள் அரைமணி நேரம் நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடும். மிதமான உழைப்பு எது என்று அறிவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நடந்துகொண்டே துணைவருடன் பேச முடியவேண்டும். பாட முயன்றால் மூச்சு வாங்கவேண்டும். கீர்த்தனம் முழுவதையும் தடையின்றிப் பாடிக்கொண்டு நடக்க முடிந்தால், நடையில் வேகம் போதாது என்று கொள்க.

வடநாட்டு நகரங்களில், குறிப்பாகத் தில்லியில், நேரம் அறிந்து நடத்தல் மிக முக்கியம். ஊரில் விடியற்காலை உலாவியே பழகியவர்கள் இங்கும் ஐந்து மணிக்குக் கிளம்ப விரும்புகிறார்கள். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து மேலே எழாமல் நின்றுவிடுவதால், புகையும் தூசியும் அதிலேயே தங்கிவிடுகின்றன. வேகமாக நடப்பவன் சும்மா இருப்பவனைப் போலப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறான். அக்காற்றிலுள்ள நஞ்சையும் அவ்வாறே இழுக்கிறான். சூரியன் ஏறி, மூடுபனி கலைந்த பிறகு, முற்பகலிலோ பிற்பகலிலோ நடப்பதே மேல். காற்றின் தரத்தை அரசாங்கத்தார் நாள்தோறும் எண்ணால் குறித்து வெளியிடுகிறார்கள். அந்த எண் 200-ஐத் தாண்டினால் 'மோசம்', 300-ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400-ஐத் தாண்டினால் 'கடுமை' என்று பொருள். எண் ஏற ஏற வெளிநடையைச் சுருக்கி, 300-ஐக் கடந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்யுங்கள். சூரிய நமஸ்காரம் செய்வதற்கு ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வது முதியவர்களின் கால்களுக்கு நல்ல பயிற்சி.

கொல்கத்தா, மும்பை ஆகிய இடங்களில் உள்ளவர்களுக்குக் குளிரின் தொல்லை தில்லி அளவுக்கு இல்லை. ஆயினும், கொல்கத்தாவில் காதையும் கழுத்தையும் மூடும் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு உலாவுகிறவர்களைக் கண்டு நகைக்க வேண்டாம். அதில் அறிவு உண்டு. தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்வதால் உடல் வெப்பம் காக்கப்படுகிறது. மூக்கின்மீது ஒரு துணியைச் சுற்றிக்கொண்டால், உள்ளே போகும் காற்றின் குளிர்ச்சியும் வறட்சியும் குறைகின்றன. தடித்த ஆடை ஒன்றைவிட, மெல்லிய ஆடைகள் இரண்டு மூன்றை அடுக்காக அணிவது நன்று. உடல் சூடேறும்போது ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். வேர்த்த ஆடையுடன் குளிர்காற்றில் நின்று பேசிக்கொண்டிருக்கலாகாது. ஈர ஆடை உடலின் வெப்பத்தை விரைவில் பறித்துவிடும். பயிற்சியால் ஈட்டிய நன்மை, பயிற்சி முடிந்த பத்து நிமிடத்தில் பறிபோகும்.

இருதய நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே குளிரில் நடக்கத் தொடங்க வேண்டும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இருதயத்தின் சுமை முன்னமே ஏறியிருக்கிறது. அதன்மேல் திடீரென்று கடும் உழைப்பை ஏற்றுதல் ஆபத்து. யாராயினும் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் கைகால்களை அசைத்துச் சூடேற்றிக்கொண்டு வெளியே வருதல் நலம். காய்ச்சல் உள்ள நாட்களில் பயிற்சி வேண்டாம், ஓய்வே மருந்து.

வடநாட்டுக் குளிரில் அங்கீட்டி என்னும் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்குவோரும் உண்டு. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழக்கும் செய்திகளைக் குளிர்காலந்தோறும் படிக்கிறோம். குளிருக்கு அஞ்சி அதைவிடக் கொடியதை அறைக்குள் அழைத்துக்கொள்ளாதீர்கள். சன்னலில் சிறு இடைவெளியேனும் எப்போதும் இருக்கட்டும். கிருமிகள் பரவுவதும் காற்றோட்டமில்லாமல் பலர் நெருங்கியிருக்கும் அறைகளிலேதான் அதிகம்.

இறுதியாக, எப்போது தொடங்குவது என்பது பற்றி ஒரு சொல். தேகப்பயிற்சியின் பயன் ஓரிரு நாட்களில் கிட்டுவதன்று. நான் குறிப்பிட்ட பெண்களின் ஆராய்ச்சி பதினைந்து வாரம் நடந்தது. தில்லியில் குளிரின் உச்சம் தை மாதத் தொடக்கத்தில் வருகிறது. அதிலிருந்து பதினைந்து வாரம் பின்னோக்கி எண்ணினால், ஏறக்குறைய நவராத்திரிக் காலத்துக்கு வந்து சேர்கிறோம். அப்போது வெயிலும் தணிந்திருக்கும், குளிரும் வந்திராது, புகைமூட்டமும் பெரும்பாலும் தொடங்கியிராது. கொலுவுக்குப் படிகட்டும் நாளில் நடைக்கும் ஒரு நல்ல தொடக்கம் செய்யுங்கள். அந்தக் காலத்தைத் தவறவிட்டவர்களும் அடுத்த நவராத்திரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் வாரம் நாளைக்குப் பத்து நிமிடம் போதும், பிறகு சிறிது சிறிதாக ஏற்றிக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் தாயாரையும் தகப்பனாரையும் போர்வைக்குள் பத்திரமாக வைத்துப் பாதுகாப்பது அன்புதான். முற்பகல் வெயிலில் அவர்கள் கையைப் பற்றிக்கொண்டு பூங்காவரை நடந்து வருவது அதனினும் மேலான அன்பு. அந்த அரைமணி நேரத்தில் அவர்களுடைய தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. இரத்தத்தில் காவற்படை சுற்றி வருகிறது. அவர்களோடு நடக்கும் உங்களுக்கும் அந்த நன்மைகள் கிட்டுகின்றன.